அத்தியாயம் 7: எல்லாப் படத்துக்கும் ஒரே தராசு

மாசி பிறந்தால் மண்டைக்காட்டுக்கு வரும் சாலைகளில் இருமுடி சுமந்த பெண்களைப் பார்க்கலாம். கேரளத்திலிருந்து வருகிறவர்கள் ஏராளம். பெண்களின் சபரிமலை என்று இந்தப் பகவதி அம்மன் கோயிலுக்குப் பெயர். கருவறையில் இருப்பது ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்த புற்று. அம்மன் என்று வணங்குவது அதைத்தான். கோயிலிலிருந்து சிறிது நடந்தால் கடல். கடலில் கால் நனைக்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. அந்தக் கரையில் இருப்பது மண்டைக்காடு புதூர், கத்தோலிக்க மீனவர்களின் ஊர். கொடை என்னும் மாசித் திருவிழா நடக்கும் பத்து நாளும் இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே மணலில்தான் நடமாட வேண்டும்.

1982 மார்ச் மாதம் இந்து-கிறிஸ்தவக் கலவரம் தொடங்கியது இந்த மணலில்தான். போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின. கடற்கரையோரமாக மற்ற ஊர்களுக்கும் அது பரவியது. சைவ மடத் தலைவரான குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து இரு தரப்பாரிடமும் சமாதானம் பேசினார். நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரணை நடத்தியது. நாற்பது வருடம் கடந்தும், குமரி மாவட்டத்தில் வயதானவர்கள் ஒரு சம்பவத்துக்குக் காலம் சொல்லும்போது ‘மண்டைக்காட்டுக் கலவரத்துக்கு முன்னே’, ‘அதுக்குப் பின்னே’ என்பதைக் கேட்கலாம்.

அன்று வதந்தி ஆள் மாறி ஆள் மாறித்தான் ஊர் கடக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு படம் குளச்சலிலிருந்து களியக்காவிளைக்குப் போக ஒரு சாயா குடிக்கும் நேரம்கூட ஆகாது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்த மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். ஏறக்குறைய பாதிக்குப் பாதி. இப்படிப்பட்ட இடத்தில் ஓவியர்களுக்கென்று ஓர் இணையக் குழு நடத்துகிறவர் எந்தப் படத்தை விடுகிறார், எதை எடுக்கிறார் என்பதை இரண்டு பாதியும் எண்ணிக்கொண்டிருக்கும். அந்த எண்ணிக்கைக்கு நாம் பதில் சொல்லக்கூடியவர்களாக இருக்க வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் அதைப் பற்றியதுதான்.

என் தவறைச் சொல்லித் தொடங்குகிறேன். கோயில் சுவர் வேலை செய்கிறவர்கள், கிறிஸ்மஸ் குடில் ஜோடிக்கிறவர்கள், கோலக்காரிகள், கேலிச்சித்திரம் போடும் கல்லூரிப் பிள்ளைகள் என்று பல வகையினர் இருக்கும் குழு எங்களுடையது. ஒரு வருடம் கொடையின் முடிவில் வரும் ஒடுக்குப் பூஜைக்கு முந்தின இரவு ஒன்பதரை மணிக்கு, அம்மனின் புற்றைக் கொச்சையாக வரைந்த படம் ஒன்று வந்தது. பார்த்த உடனே எடுத்துவிட்டேன். போட்டவருக்கு எச்சரிக்கையும் எழுதினேன். எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு படம் வந்தது. புதூர்க்காரர்களை வலைக்குள் கிடந்து துள்ளும் மிருகங்களாக வரைந்திருந்தது. அப்போது நான் தூங்கிவிட்டேன். காலை ஐந்தரைக்குத்தான் பார்த்தேன். அதற்குள் இரண்டு படத்தின் ஸ்கிரீன்ஷாட்டும், எது எத்தனை மணி நேரம் இருந்தது என்ற கணக்கோடு, பல குழுக்களைச் சுற்றி வந்துவிட்டது. கடற்கரையிலிருந்து ஒரு தம்பி போனில் கூப்பிட்டான்.

“அண்ணே, ராத்திரி முழுக்க அது அங்கயே கெடந்துது. உங்களுக்குக் கண்ணுல படல்லியா, மனசுல படல்லியா?”

கண்ணில்தான் படவில்லை. ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. எந்த விதியை வைத்து முதல் படத்தை எடுத்தேன் என்று எழுதி வைக்கவில்லை. நான் தூங்கினால் யார் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கவில்லை. அந்தப் படத்தை வரைந்தவன் மீது அந்தத் தம்பிக்கு வந்த கோபம் இரண்டு நாளில் ஆறிவிட்டது. என் மீது வந்த சந்தேகம் தீர ஒரு வருடம் ஆயிற்று. புண்படுத்தும் படம் ஒரு காயம். ஒரு பக்கத்தின் புண்ணுக்கு மட்டும் மருந்து போடுவது அதைவிட ஆழமான காயம்.

முதலில் முழுப் படத்தையும் பாருங்கள்

கைபேசியில் கட்டை விரல் அளவில் தெரிவதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பெரிதாக்கிப் பாருங்கள். கூடவே வந்த வாசகத்தைப் படியுங்கள். பாதிக்கு மேற்பட்ட தகராறுகளில் படம் சாதாரணமாக இருக்கும், விஷம் வாசகத்தில் இருக்கும். படத்தின் ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா, பழைய படம் புதிய தேதியோடு வருகிறதா, போட்டவரே வரைந்ததா அல்லது எங்கிருந்தோ ஃபார்வர்ட் ஆகி வந்ததா என்பதையும் பாருங்கள். இப்போது இயந்திரம் வரைந்து கொடுக்கும் படங்களும் வருகின்றன. அவற்றுக்குத் தனிச் சட்டம் தேவையில்லை. யார் கை வரைந்தது என்பதைவிட, யார் அதை இங்கே கொண்டுவந்து போட்டார், எதற்காகப் போட்டார் என்பதுதான் நமக்கு முக்கியம்.

அறியாமையால் வருவதைப் பகையாக எண்ணிவிடக் கூடாது. வெளியூர்ப் பெண் ஒருவர் அய்யாவழி நிழல்தாங்கல் ஒன்றை அழகாக வரைந்து, உள்ளே ஒரு சாமி சிலையையும் வைத்துவிட்டார். நிழல்தாங்கலில் சிலை கிடையாது, கண்ணாடியும் விளக்கும்தான். அய்யா வைகுண்டரின் வழியில் வருகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது சாமித்தோப்புக்கு ஒருமுறை போனால் தெரியும். சிலருக்கு மனம் வருத்தப்பட்டது. நாங்கள் படத்தை எடுக்கவில்லை. சாமித்தோப்புப் பக்கத்து உறுப்பினர் ஒருவரை விளக்கம் எழுதச் சொன்னோம். அந்தப் பெண் மறுநாள் கண்ணாடி வைத்துத் திருத்தி வரைந்து போட்டார்.

ஆளையா, அதிகாரத்தையா, நம்பிக்கையையா?

அடுத்த கேள்வி, அந்தப் படம் யார் மீது பாய்கிறது என்பது.

பிறப்பால் வந்த ஒன்றை, அதாவது சாதி, மதம், நிறம், பால், ஊர், உடற்குறை இவற்றில் ஒன்றை வைத்து ஒரு கூட்டத்தையே மிருகமாக, கிருமியாக, குப்பையாக, அடித்து விரட்ட வேண்டியவர்களாகக் காட்டினால் அது வெறுப்புப் படம். அதில் தயக்கம் வேண்டாம். வலைக்குள் துள்ளிய மிருகங்கள் இந்த வகை. வரைந்தவர் எவ்வளவு திறமைசாலி என்பது இங்கே கணக்கில் வராது. கோடு நன்றாக விழுந்திருந்தால் அவமானமும் கூடுதலாக விழும்.

பதவியில் இருப்பவரைக் கேலி செய்வது வேறு விஷயம். 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்து ஒரு நகைச்சுவைச் சித்திரம் வந்தது. சட்டமன்றம் அதை உரிமை மீறலாகக் கருதி, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்ததால் சில நாட்களிலேயே விடுதலை செய்தார்கள். பின்னால் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனை தவறு என்று சொல்லி, ஆயிரம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. ஒரு தலைவரின் ஆதரவாளர் ‘எங்கள் மனம் புண்பட்டது’ என்று உங்களிடம் வரும்போது இந்தச் சம்பவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டு வாங்கியவரைப் பற்றிய படத்துக்கு நமது தராசில் தட்டே கிடையாது, அது அவருடைய உடல் ஊனத்தையோ சாதியையோ பெண் என்பதையோ பிடித்துக்கொண்டு இறங்காத வரைக்கும்.

கடினமானது மூன்றாவது வகை. நம்பிக்கையையும் அதன் சின்னங்களையும் கையாளும் படங்கள். 2019 ஜனவரியில் சென்னை லயோலா கல்லூரி வளாகத்தில் வீதி விருது விழா நடந்தபோது வைத்திருந்த ஓவியங்கள் சில பெரிய சர்ச்சையைக் கிளப்பின. பாரத மாதாவையும் இந்து சமயச் சின்னங்களையும் இழிவுபடுத்துகின்றன என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அரசியல் விமர்சனம்தான் என்று ஆதரித்தவர்களும் இருந்தார்கள். கல்லூரி மன்னிப்புக் கேட்டு ஓவியங்களை அகற்றியது.

அந்தச் சர்ச்சையில் எனக்குப் பிடிபட்ட பாடம் ஒன்று உண்டு. எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் எல்லா ஓவியங்களையும் ஒரு கட்டாகவே பேசினார்கள். ஒவ்வொரு சட்டகத்தின் முன்னும் நின்று, ‘இது ஆட்சியைக் கேட்கிறதா, கும்பிடுகிறவரைக் கேவலப்படுத்துகிறதா?’ என்று தனித்தனியாகக் கேட்கிற பொறுமை யாருக்கும் இருக்கவில்லை. பத்து ஓவியம் இருந்தால் பத்துத் தீர்ப்பு வேண்டும். சூலமோ சிலுவையோ பிறையோ ஒரு படத்தில் இருப்பதால் மட்டும் அது அவதூறாகாது. சூலத்தைக் கொண்டு ஓர் ஆட்சியாளரை விமர்சித்தால் சிலருக்கு வருத்தம் வரலாம்; நான் அதை விடுவேன். கும்பிடுகிற பெண்ணையே ஆபாசமாக வரைந்து அவள் கையில் இருமுடியைக் கொடுத்தால் எடுத்துவிடுவேன். வேதத்தைக் கேள்வி கேட்கும் படம் இருக்கலாம். ஜெபமாலை பிடித்த கிழவியைப் பன்றியாக்கும் படம் இருக்கக் கூடாது.

யாருடைய மனத்தை வைத்து அளப்பது என்பதற்கு நமது நீதிமன்றங்கள் ஓர் அளவு வைத்திருக்கின்றன. 1946-ல் நாக்பூரில் நீதிபதி விவியன் போஸ் சொன்னது அது: எதிர்க் கருத்து எதைக் கேட்டாலும் ஆபத்து என்று நடுங்குகிறவரின் அளவு வேண்டாம், நிதானமும் திடமும் உள்ள சாதாரண மனிதரின் அளவை எடுங்கள் என்பது அதன் சாரம். 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே அளவைத் திரும்பவும் உறுதி செய்தது. மண்டைக்காட்டில் அப்படிப்பட்ட திடமான மனிதர்கள் இரண்டு பக்கமும் நிறைய இருக்கிறார்கள். உங்கள் மனத்தில் அவர்களில் இரண்டு பேரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கு மண்டையப்பம் செய்கிற ஓர் அம்மா, விடியலில் வள்ளத்தைத் தள்ளுகிற ஓர் அண்ணாச்சி. இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் படத்தை வைக்க உங்களுக்குக் கூச்சம் வருகிறதா?

மாற்றிப் போட்டுப் பார்ப்பது

இது மிக எளிய பயிற்சி, ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியது. படத்தில் சிலுவை இருக்கும் இடத்தில் சூலத்தை வைத்து நினைத்துப் பாருங்கள். வேட்டி கட்டியவரின் இடத்தில் அங்கி போட்டவரை வையுங்கள். உங்கள் ஊர்ப் பெயருக்குப் பதில் அடுத்த ஊர்ப் பெயரைப் போடுங்கள். அப்போது உங்கள் விரல் வேறு பொத்தானை நோக்கிப் போனால், அதுவரை நீங்கள் விதியைப் பார்க்கவில்லை, உறவைப் பார்த்திருக்கிறீர்கள். எனக்கே பலமுறை விரல் வேறு பக்கம் போயிருக்கிறது.

இந்தப் பயிற்சிக்கு ஓர் எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் என்ற பெயரில் அநியாயம் நடந்துவிடும். சாதி விஷயத்தில் இரண்டு பக்கத்தையும் அப்படியே மாற்றிப் போட முடியாது. ஒரு பக்கம் அடித்தது, இன்னொரு பக்கம் அடி வாங்கியது. இந்த மண்ணிலேயே ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேல்சீலை போட உரிமை கேட்டுப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859-ல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது. அந்தக் காலத்து அவமானத்தை ஒருவர் இன்று வரைந்தால் அதில் மேலாடை பறிக்கப்பட்ட பெண் இருப்பாள், பறித்த கையும் இருக்கும். அது நினைவு. அதே பெண்ணின் உருவத்தை வெட்டியெடுத்து, இன்று படித்து வேலைக்குப் போகும் ஒரு பிள்ளையின் போட்டோவுக்குக் கீழே ஒட்டினால் அது வசை. இரண்டிலும் ஒரே உடல், ஒரே கோடு. ஆபாசம் கூடாது என்ற ஒற்றை வரி விதியை வைத்திருப்பவர் இரண்டையும் எடுத்துவிடுவார். ‘வரலாறுதானே’ என்கிறவர் இரண்டையும் விட்டுவிடுவார். இரண்டு பேருமே தவறு.

காலம் மாறினால் படத்தின் பொருளும் மாறும். 1949-ல் சங்கர் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்றில் நத்தை மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருப்பார், பின்னால் நேரு சாட்டையோடு நிற்பார். அரசியல் சாசன வேலை மெதுவாக நகர்கிறது என்பது அன்றைய கிண்டல். அது என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகத்தில் இருந்தது. 2012-ல் நாடாளுமன்றமே அதைப் பற்றிக் கொந்தளித்தது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு தலித் மாணவிக்குத் தெரிவது நத்தை இல்லை, சாட்டை. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றி ஆர்.கே. லட்சுமண் வரைந்த சித்திரமும் பாடப்புத்தகத்தில் இருப்பது அதே ஆண்டு தெரிந்து தமிழ்நாட்டில் எதிர்ப்பு வந்தது. 1965-ல் உயிரைக் கொடுத்த பிள்ளைகளை அறியாமையின் உருவமாகக் காட்டினால் நமக்கு வலிக்கத்தானே செய்யும்? இந்த இரண்டு படத்தையும் குழுவில் யாராவது போட்டால் நான் செய்வது இதுதான்: வரைந்தவர் பெயர், வருடம், அன்றைய சூழல் மூன்றும் கூட இருந்தால் விடுவேன். மொட்டையாகவோ சிரிப்புக் குறி போட்டோ வந்தால் எடுப்பேன். இரண்டுக்கும் ஒரே நிபந்தனை. நமக்கு வலிக்கிற படத்துக்கு ஒன்று, அவர்களுக்கு வலிக்கிற படத்துக்கு ஒன்று என்று வைக்க மாட்டேன்.

கலவரத்தை வரைந்தவர்கள்

எங்கள் குழுவுக்கு வந்த மிகக் கடினமான படங்கள் 1982 பற்றியவை. கரிக்கோலால் வரைந்த ஒரு படத்தில் மணலில் சிதறிய செருப்புகள், ஓர் உடைந்த மைக், தூரத்தில் துப்பாக்கி ஏந்திய நிழல்கள். வரைந்தவன் கலவரத்துக்கு இருபது வருடம் கழித்துப் பிறந்த பையன். பாட்டி சொல்லக் கேட்டு வரைந்தான். இன்னொரு படத்தில் அதே மணல், அதே துப்பாக்கி. கீழே, கொன்றது எந்தச் சமூகம், அதற்குப் பதில் எப்போது என்று ஒரு வரி.

‘கலவரத்தைப் பற்றியே வேண்டாம், இரண்டையும் எடுங்கள்’ என்று எங்களில் ஒருவர் சொன்னார். சண்டை வராமல் பார்த்துக்கொள்வதுதானே நம் வேலை என்பது அவர் நியாயம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நடந்ததை வரையக் கூடாது என்று ஒரு பையனின் கையைப் பிடித்தால், அந்தக் கதை இருட்டில் வளரும். இருட்டில் வளர்ந்த கதைகள்தான் 1982-ல் ஊரைக் கொளுத்தின. முதல் படம் இருந்தது. இரண்டாவது படம் போனது. சம்பவத்தைச் சொல்வதும், ஒரு சமூகத்தின் இரத்தத்திலேயே குற்றம் இருக்கிறது என்று சொல்வதும் ஒன்றாகாது. ‘பதில் எப்போது’ என்பது இன்றைக்கு விடுகிற அழைப்பு.

உலகின் மிகப் பெரிய நிறுவனங்களே இந்த இடத்தில் சறுக்கியிருக்கின்றன. 2021-ல் வட அமெரிக்கப் பூர்வகுடி ஓவியர் ஒருவர், தம் இனத்துப் பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளிகளில் நடந்த கொடுமைகளைப் பாசிமணிப் பட்டை ஒன்றில் உருவங்களாக நெய்து படம் போட்டார். அவருடைய முன்னோர்களை அழிக்க நினைத்தவர்கள் சொன்ன சொற்றொடரையே அதற்குத் தலைப்பாக வைத்திருந்தார். ஃபேஸ்புக் அதை வெறுப்புப் பேச்சு என்று எடுத்துவிட்டது. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் மேற்பார்வை வாரியம் அந்த முடிவைத் தவறு என்று சொன்னது. பாதிக்கப்பட்டவர் தன் காயத்தைக் காட்டுவதற்கும் அடித்தவர் அடுத்த அடிக்கு ஆள் சேர்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இயந்திரத்துக்கும் தெரியவில்லை, அதைச் சரிபார்த்த ஆட்களுக்கும் தெரியவில்லை. நமக்குத் தெரிய வேண்டும்.

பதிவேடு

விதிகளை எவ்வளவு நீளமாக எழுதினாலும் அவை ஒரே மாதிரியான தீர்ப்பைத் தராது. முந்தைய தீர்ப்புகளை எழுதி வைப்பதுதான் தரும். எங்கள் குழுவின் விதிகள் ஒரு பக்கம். பதிவேடு இப்போது மூன்றாவது நோட்டில் நடக்கிறது. ஒவ்வொரு தகராறுக்கும் எழுதுவது: தேதி, மணி, படத்தில் என்ன இருந்தது என்பதற்கு இரண்டு வரி, யார் புகார் சொன்னார், என்ன முடிவு, எந்த விதி, ஏன். ‘ஏன்’ என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விடக் கூடாது. ‘பிடிக்கவில்லை’, ‘பிரச்சினை வரும்’ என்று எழுதினால் அது காரணமாகாது. திரும்ப எழுதச் சொல்லுங்கள்.

தீர்ப்பு ஒருவர் கையில் இருக்கக் கூடாது. வெவ்வேறு பின்னணி உள்ள இரண்டு பேர், ஒருவர் முடிவு இன்னொருவருக்குத் தெரியாமல் எழுதட்டும். ஒத்துப்போனால் முடிந்தது. ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர். எங்களில் ஒருவர் குளச்சல், ஒருவர் மணவாளக்குறிச்சி, ஒருவர் தக்கலை. அதில் ஒருவர் பெண். பெண்களைக் குறித்து வரும் படங்களில் ஆண்கள் மூன்று பேர் உட்கார்ந்து ‘இதில் என்ன இருக்கிறது’ என்று முடிவு செய்த காலம் எங்களுக்கும் இருந்தது. அவர் வந்த பிறகு நாங்கள் பழைய முடிவுகளில் சிலவற்றை மாற்றினோம்.

பேச்சு வழக்கும் ஊர் வழக்கும் தெரிந்தவர் கட்டாயம் வேண்டும். 2018 மார்ச்சில் இலங்கையில் கண்டி, திகன பகுதிகளில் முஸ்லிம்கள் மீது வன்முறை நடந்தபோது ஃபேஸ்புக்கில் சிங்களத்தில் வெறுப்புப் பதிவுகள் ஓடிக்கொண்டிருந்தன. அரசு சமூக ஊடகங்களையே முடக்க வேண்டி வந்தது. தங்கள் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு அந்த நிறுவனம் 2020-ல் மன்னிப்புக் கேட்டது. அந்த மொழி தெரிந்து, அந்த வசையின் சூடு தெரிந்து பார்ப்பதற்குப் போதுமான ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இது உதாரணம். குமரியில் ஒரு மீன் பெயர், ஒரு மரத்தின் பெயர், ஒரு தொழிலின் பெயர்கூட யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து வசையாகிவிடும். சென்னைக்காரருக்கு அது தெரியாது.

ஒரே படம் பல வேஷத்தில் திரும்பி வரும். ஸ்டிக்கராக, ஓரம் வெட்டியதாக, இடவலம் புரட்டியதாக. முந்தைய முடிவு எதுவோ அதுவே அதற்கும். ஆனால் முந்தைய முடிவே தவறென்று தெரிந்தால்? கொலம்பியாவில் போலீசாரை விமர்சித்த ஒரு கேலிச்சித்திரத்தை மெட்டா தவறுதலாகத் தன் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதற்குப் பிறகு யார் போட்டாலும் இயந்திரம் தானாக எடுத்தது. 215 பேர் முறையிட்டார்கள், அதில் 98 சதவீதம் பேருக்குச் சாதகமாகத் தீர்ப்பு. இருந்தும் மூலப் பட்டியலிலிருந்து படத்தை யாரும் எடுக்கவில்லை. மேற்பார்வை வாரியம் 2022-ல் இதைச் சுட்டிக்காட்டியது. தவறு ஒன்று, தண்டனை நூற்றுக்கணக்கானவர்களுக்கு. ஆகவே முறையீட்டில் ஒரு முடிவு மாறினால், பதிவேட்டைப் புரட்டி அதே காரணத்துக்காக முன்பு எடுத்தவற்றையும் திரும்பப் பாருங்கள். மன்னிப்பையும் அவர்கள் எல்லாருக்கும் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் குழுவென்றால் சில விஷயங்கள். மற்றவர் போட்ட படத்தை அட்மின் எல்லாருக்கும் நீக்கும் வசதி 2022-லிருந்து இருக்கிறது. நீக்கினாலும், தானாக டவுன்லோடு ஆனவர்களின் கேலரியில் படம் இருக்கக்கூடும். அதனால் ‘எடுத்துவிட்டோம்’ என்பதோடு ‘உங்கள் போனிலிருந்தும் அழித்துவிடுங்கள், அனுப்பாதீர்கள்’ என்றும் சொல்ல வேண்டும். கொடை நாட்கள், தவக்காலம், விநாயகர் சதுர்த்தி ஊர்வலம், தேர்தல் வாரம் ஆகியவற்றுக்கு இரவு முறை வைத்துக்கொள்ளுங்கள். மாசிக் கொடையும் தவக்காலமும் பல வருடங்களில் ஒன்றன் மேல் ஒன்றாக வரும். அந்த நாட்களில் ஆள் இல்லாத நேரம் என்று ஒன்று இருக்கக் கூடாது. ஆள் இல்லையென்றால் இரவு பத்து முதல் காலை ஆறு வரை அட்மின் மட்டும் அனுப்பலாம் என்று மாற்றிவிடுங்கள். எல்லாருக்கும் ஒன்றுபோல் அடைப்பதால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஒரு படத்துக்காகக் குழுவையே மூடிவிடாதீர்கள். 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரம் வந்த பிறகு விகடனின் இணையதளம் முழுவதும் முடங்கியது. அந்தப் படத்தை மட்டும் தற்காலிகமாக நீக்கிவிட்டுத் தளத்தைத் திறக்கும்படி மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தகராறு எவ்வளவு இடத்தில் இருக்கிறதோ அவ்வளவு இடத்தில் மட்டும் கை வையுங்கள்.

வரைந்தவரிடம் எப்படிச் சொல்வது

பொதுவில் வைத்து அல்ல, தனியாக. கூப்பிட்டுப் பேச முடிந்தால் எழுத வேண்டாம். வயதில் மூத்தவரானால் ‘அண்ணாச்சி, ஒரு விஷயம் பேசணும்’ என்று தொடங்குங்கள். சிறுவன் என்றால் ‘மக்கா’ போதும். படத்தில் எந்தப் பகுதி, எந்த விதி, எதை மாற்றினால் திரும்பப் போடலாம் என்று மூன்றையும் சொல்லுங்கள். ‘நீ இந்த மாதிரி ஆளா’ என்று கேட்காதீர்கள். படத்துக்குத்தான் தீர்ப்பு. முறையீடு செய்ய வழி இருக்கிறது, வேறு ஆள் பார்ப்பார் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வலைக்குள் மிருகங்களை வரைந்தவர் இன்றும் எங்கள் குழுவில் இருக்கிறார். போன கொடைக்குக் கடற்கரையில் வலை பின்னும் கைகளை வரைந்து அனுப்பினார்.

சட்டம் எங்கே வருகிறது

இரு சமூகங்களுக்கிடையே பகை மூட்டுவது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவில் வருகிறது. முன்பு இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 153-ஏ. மத உணர்வை வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு புண்படுத்துவது 299-ஆம் பிரிவு, முன்பு 295-ஏ. ‘வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு’ என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். 1957-ல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, எல்லா அவமதிப்பும் இந்தக் குற்றமாகாது, அப்படிப்பட்ட எண்ணத்தோடு செய்வதுதான் ஆகும் என்று விளக்கியது. யாரோ போட்டதற்கு அட்மினும் குற்றவாளியா என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, அட்மினாக இருப்பது தவிர வேறு பங்கு இல்லையென்றால் அவர் மீது வழக்கு நிற்காது என்று சொன்னது. ஆகவே பயத்தில் எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். ஒரே ஒரு விதிவிலக்கு: குழந்தைகளின் ஆபாசப் படம். பதிவேட்டுக்காகக்கூட அதைச் சேமிக்கக் கூடாது; வைத்திருப்பதே குற்றம். உடனே காவல்துறைக்கும் தேசிய சைபர் குற்றத் தளத்துக்கும் தெரிவியுங்கள்.

வன்முறைக்கு நேரடி அழைப்பு இருந்தால், இடமும் நேரமும் குறித்திருந்தால், குழுவுக்குள் விவாதித்துக்கொண்டிருக்காதீர்கள். காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அதே வேகத்தில் சொல்லுங்கள்.

இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் ஒரு நீளமான நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில், நீங்கள் இதுவரை ஒரு பக்கத்துக்கு மட்டும் எடுத்து இன்னொரு பக்கத்துக்கு விட்ட படம் ஒன்றை நினைவிலிருந்து எழுதுங்கள். எந்தத் தேதி, யாருக்கு வலித்தது, ஏன் விட்டீர்கள் என்று. எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் ஒடுக்குப் பூஜைக்கு முந்தின இரவுதான் இருக்கிறது. அந்தத் தம்பியிடம் காட்டிவிட்டுத்தான் இரண்டாம் பக்கத்தைத் தொடங்கினேன். நீங்களும் உங்கள் முதல் பக்கத்தை உரியவரிடம் காட்டுங்கள். அடுத்த மாசிக்கு முன் செய்யுங்கள்.